செட்டிநாட்டு வீட்டுக் கல்யாணப் படம்: வளவு வெளிச்சம், வண்டிக் கொட்டகை ஸ்டுடியோ, வெளிப்புற சூட் (விவாத இழை)

பள்ளத்தூரான்

எல்லாருக்கும் வணக்கம். கல்யாணப் படம் எடுக்கிறவங்க, பழைய வீட்டு வேலை தெரிஞ்சவங்க ரெண்டு தரப்புகிட்டயும் கேட்க வேண்டியது இருக்கு.

பொது வீட்டுல எங்க புள்ளிக்கு (கல்யாணமான ஒரு குடும்பத்தைப் புள்ளிம்போம்) ஒரு இரட்டை வீடு, அதாவது உள்ளும் வெளியுமா ரெண்டு அறை, பாத்தியம். முன்னாடி வண்டிக் கொட்டகை காலியாக் கிடக்கு. கொட்டகை உள்ளளவு 32 அடிக்கு 14 அடி, பக்கச் சுவர் 9 அடி, முகட்டுல 13 அடி. நாட்டு ஓடு, சுண்ணாம்புச் சுவர். ஸ்டுடியோவுக்கு எது தோது? முன்கூடமான பட்டாலையைக் கேட்டுப் பார்க்கலாமான்னும் ஒரு யோசனை.

அடுத்தது வளவு, முற்றத்தைச் சுத்தித் தூண் வச்ச உள்கூடம். அங்க எடுக்கிற படத்துல முகம் கீழ்ப்பக்கம் செவந்து தெரியுது, சேலை நிறம் நேர்ல பார்த்த மாதிரி வரல. கடைசியா, ஆவணியில ஒரு ஜோடி திருமயம் கோட்டை, ஊருணி, ட்ரோன்னு பட்டியல் கொடுத்திருக்காங்க. எது நடக்கும், எது நடக்காது?

கையில 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமரா பாடி ரெண்டு, 35, 85, 70-200 லென்ஸ், ஸ்பீட்லைட் (கேமரா மேல மாட்டுற பிளாஷ்) ரெண்டு, 400 வாட்-செகண்ட் ஸ்ட்ரோப் (ஸ்டாண்டுல நிக்கிற பெரிய பிளாஷ்) ஒண்ணு இருக்கு.

கருப்புத்துணி

இரட்டை வீடு ஆகாது. அது பெட்டகம் வைக்கக் கட்டின அறை. அகலமும் பத்தாது, நிலை உயரமும் பத்தாது. சாமானைப் பூட்டி வைக்கவும் எடிட் பண்ணவும் வச்சுக்குங்க. எடுக்கிற இடம் கொட்டகைதான்.

கணக்கு இதுதான். ஆள் முழு உயரமும் தலைக்கு மேல காலுக்குக் கீழ கொஞ்சம் இடமும் சேர்த்து 2.2 மீட்டர் சட்டத்துக்குள்ள வரணும்னா, ஃபுல் ஃபிரேம்ல 85 லென்ஸைச் செங்குத்தாப் பிடிச்சு 5.2 மீட்டர் தள்ளி நிக்கணும். கிட்டத்தட்ட 17 அடி. ஆளுக்கும் பின்திரைக்கும் நடுவுல 6 அடி விடலைன்னா நிழல் திரையில விழும். உங்க முதுகுக்குப் பின்னாடி 3 அடி. ஆக 26 அடி. 32 அடியில உட்கார்ந்திடும், மிச்சம் 6 அடி வாசல் பக்கம் வரவேற்புக்கு. 50 லென்ஸ்னா 10 அடி தள்ளினாப் போதும், ஆனா மாலையும் மார்பு நகையும் முன்னால துருத்தித் தெரியும்.

அகலந்தான் இடைஞ்சல். திரைக் காகித உருளை 2.72 மீட்டர், அதாவது 9 அடி. 14 அடியில பக்கத்துக்கு இரண்டரை அடிதான் மிஞ்சும். பிளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்குற துணிப்பெட்டியான சாப்ட்பாக்ஸைப் பக்கவாட்டுல தள்ளி வைக்க முடியாது, ஆளுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் குறுக்கா வையுங்க. எடுக்கிற அச்சு முகட்டுக்கு நேர் கீழ ஓடணும். மேலிருந்து தொங்குற லைட்டுக்கு உயரம் அங்க மட்டுந்தான் கிடைக்கும். ஓரத்துல 9 அடிச் சுவர்கிட்ட லைட் தொங்குற குறுக்குக் கம்பைத் (பூம்) தூக்கினா ஓட்டுல இடிக்கும்.

எட்டுப் பேருக்கு மேல போற குடும்பப் படத்தை அங்க திணிக்காதீங்க. அதுக்கு முகப்புப் படிதான் சரி.

மூணாங்கட்டு

பட்டாலை யோசனையை விட்டிடுங்க தம்பி. முகப்பு, பட்டாலை, வளவு, முற்றம் எல்லாம் எல்லாப் புள்ளிக்கும் பொது. ஒரு புள்ளி மறுத்தாலும் வேலை நின்னுடும். சென்னையிலயும் மலேசியாவுலயும் இருக்கிறவங்ககிட்ட எல்லாம் ஒப்புதல் வாங்கணும். ஆள் மாறும்போது பேச்சும் மாறும். கொட்டகையும் உங்க பங்குன்னு பாகப் பத்திரத்துல இருக்கான்னு பார்த்துக்குங்க. இல்லைன்னா அதுக்கும் எழுத்துல வாங்குங்க: எத்தனை வருஷத்துக்கு, கரண்டு மீட்டர் யார் பேர்ல, வீட்டுல நல்லது கெட்டது நடந்தா எத்தனை நாள் சாத்தணும்னு மூணையும் எழுதிக்கிறது நல்லது.

கொட்டகைன்னா வர்றவங்க தெருவோட வந்து தெருவோட போயிடுவாங்க, வளவைத் தாண்ட வேண்டியதில்லை. வீட்டுல உள்ளவங்களுக்கு அது பெரிய நிம்மதி.

சுண்ணாம்புக்காரை

வேலை வரிசையைச் சொல்றேன். பெரும்பாலானவங்க பெயிண்டுல ஆரம்பிக்கிறாங்க. கூரையில ஆரம்பிங்க.

ஓட்டை முழுசா இறக்கி உடைஞ்சதைக் கழிச்சு மறுபடி வேயணும். அப்பவே கைமரம், ரீப்பர் எல்லாத்தையும் தட்டிப் பாருங்க. பொத்துன்னு சத்தம் வந்தா கரையான் உள்ள போயிருக்கு. கைமரம் சுவர்ல நுழையுற முனைதான் முதல்ல போகும், ஈரம் அங்கதான் நிக்கும். மேல வேலை முடியாம கீழ ஒரு ரூபாய் போடாதீங்க.

அடுத்து சுவர். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளிய விடும். அது மேல சிமெண்டு பூசினாலோ பிளாஸ்டிக் பெயிண்டு அடிச்சாலோ ஈரம் உள்ளேயே நிக்கும். ஒரு மழை போனதும் கொப்புளம் விடும், அடுத்த மழையில தட்டுத் தட்டாப் பெயரும். அதோட உப்பு பூக்கும், அந்தத் தூள் உங்க லென்ஸுக்கு ஆகாது. உதிர்ந்த இடத்தை மட்டும் சுரண்டி, நீத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூணு பங்கு வச்சுப் பூசி, ஒரு வாரமாவது ஈரம் காயாம வச்சிருந்து, அப்புறம் ஒரு மாசம் ஆறவிட்டு வெள்ளையடிங்க. சாம்பல் நிறம் வேணும்னா சுண்ணாம்புலயே கரி நிறமிக் கலந்துக்கலாம், மினுமினுப்பு இருக்காது.

தரை: ஸ்டுடியோவுக்குள்ள ஆத்தங்குடிக் கல் போடாதீங்க. எனக்கு அந்தக் கல்லு மேல உயிர், ஆனாலும் சொல்றேன். செவப்பும் பச்சையும் கீழருந்து முகத்துல அடிக்கும். சாதா சிமெண்டுத் தரை, மட்டமா, தேய்ச்சு விட்டது போதும். முன்னாடி 6 அடி வரவேற்புக்கு மட்டும் 8 அங்குலக் கல் போட்டுக்குங்க. கண்ணாடி மேல நிறக் கலவையை ஊத்தி வார்க்கிற கல் அது. நிறம் மேல் பூச்சுல மட்டுந்தான் நிக்கும். பதிச்ச கையோட சிமெண்டுப் பாலைத் துடைச்சிடணும், ஆசிட் பக்கமே போகக்கூடாது. தேங்காயெண்ணெய் தொட்ட துணியால துடைக்கத் துடைக்கத்தான் மெருகு ஏறும்.

லைட்பாய்

முகம் செவக்கிறதுக்குக் காரணத்தை அண்ணனே சொல்லிட்டார், தரைதான். வளவுல நிலைமை இன்னும் மோசம். கீழ நிறக் கல் இல்லைன்னா செவப்பு ஜமுக்காளம், மேல தேக்கு மச்சு, பக்கத்துல பளபளக்கிற வெள்ளைச் சுவர், நடுவுல வெட்டவெளி முற்றம். நாலும் நாலு நிறத்துல வெளிச்சத்தைத் திருப்புது.

நான் முதல்ல பார்க்கிறது முற்றத்துக்கு மேல என்ன கட்டியிருக்குன்னுதான். பந்தல்காரர் நீலத் தார்ப்பாய் இழுத்திருந்தா வளவு முழுக்க நீலம். மஞ்சள் துணின்னா எல்லாருக்கும் காமாலை. எடிட்ல திருப்பினா முகம் சரியாகும், பட்டுச் சேலை கெட்டுப்போகும், ஏன்னா முகத்துல படுற வெளிச்சமும் சேலையில படுறதும் ஒண்ணில்லை. முன்னாடியே பந்தல்காரர்கிட்ட பேசி முற்றத்துக்கு மட்டும் வெளுத்த காடாத் துணி கேளுங்க. ரெண்டு மடிப்பு வேண்டாம், ஒத்தை மடிப்பு. உச்சி வெயில் அதுல சலிச்சு இறங்கும், பெரிய சாப்ட்பாக்ஸ் ஒண்ணு இலவசமாக் கிடைச்ச கணக்கு. மழை மேகம் இருந்தா தார்ப்பாயைச் சுருட்டி ஓரத்துல தயாரா வைக்கச் சொல்லுங்க.

துணி கட்டலைன்னா, வெயில் விழுற முற்றத்துக்கும் தூணுக்கு உள்பக்கத்துக்கும் ஏழெட்டு ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெட்டிப்பு). முற்றத்தைப் பின்புலமா வச்சு முகத்தைத் தூக்க எந்த ஸ்பீட்லைட்டாலயும் ஆகாது. முற்றத்துக்கு உங்க முதுகைக் காட்டுங்க. ஆளை முதல் தூண் வரிசைக்கு உள்ள, முற்றத்தைப் பார்த்து உட்கார வையுங்க. ஸ்ட்ரோப் வைக்கிறதும் அதே பக்கம், 5 அடிக் குடையோட, முற்றத்து ஓரத்துல. வெளிச்சம் ரெண்டு திசையிலருந்து வந்தாத்தான் படம் செயற்கையாத் தெரியும்.

ஸ்பீட்லைட்டை மச்சுல அடிச்சுத் திருப்புற பழக்கம் மண்டபத்துக்கு. பர்மாத் தேக்கு வெளிச்சத்தை முழுங்கிட்டு மிச்சத்தைப் பழுப்பாத் தரும். சுவர்ல அடிங்க.

தரைச் செவப்புக்கு மருந்து, சட்டத்துக்கு வெளிய ஆளுக்கு முன்னாடி வெள்ளை வேட்டி ஒண்ணை விரிக்கிறது. மோவாய்க்குக் கீழ இருக்கிற செவப்பு அங்கேயே போயிடும்.

கருப்புத்துணி

> மச்சுல அடிச்சுத் திருப்புற பழக்கம் மண்டபத்துக்கு

சரி. ஆனா சுவர்லயும் ஒரு விஷயம் இருக்கு. முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைச்ச சுவர் சும்மா வெள்ளைச் சுவர் இல்லை, பாதி கண்ணாடி. நேர எதுத்தாப்புல நின்னு அடிச்சா சுவர்ல வெள்ளைப் பொட்டு விழும். சுவருக்குக் குறுக்கா நிக்கணும். பகல் வெளிச்சத்துல அந்த மினுக்கைக் குறைக்க லென்ஸ் முன்னாடி மாட்டுற போலரைசர் உதவும், ஆனா ஒண்ணரை ஸ்டாப் தின்னுடும்.

பெல்ஜியம் கண்ணாடி மாட்டின சுவர்ல இன்னொரு தொல்லை. பழைய கண்ணாடிகளைத் தலைப்பக்கம் முன்னால சாய்ச்சுத்தான் மாட்டியிருப்பாங்க. கீழ குனிஞ்சு எடுக்கிறவர், தரையில கிடக்கிற பை, ஸ்டாண்டுக் கால் எல்லாம் அதுல விழும். எடுக்கிறதுக்கு முன்னாடி கண்ணாடிக்குள்ள ஒரு தடவை பார்த்திடுங்க.

விடியக்காலை முகூர்த்தம்னா கதை வேற. முற்றம் இருட்டு, உள்ள மஞ்சள் எல்இடி. பிளாஷை வெறுமனே அடிச்சா முகம் வெள்ளை, பின்னாடி எல்லாம் ஆரஞ்சு. பிளாஷுக்கு முழு ஆரஞ்சு ஜெல் (நிறத் தாள்) போட்டு, கேமராவை 3200 கெல்வினுக்கு வையுங்க. எல்லாம் ஒரே நிறமாயிடும். பொழுது புலர ஆரம்பிச்சதும் முற்றம் மட்டும் நீலமா நிக்கும், அந்தப் பத்து நிமிஷத்தை விட்டிடாதீங்க.

ஷட்டரை நொடியில 100ல ஒண்ணு இல்லைன்னா 50ல ஒண்ணு வையுங்க. நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவு எல்இடியும் சீரியல் செட்டும் நொடிக்கு நூறு தடவை துடிக்கும். 250ல ஒண்ணு வச்சா படத்துல கறுப்புப் பட்டை ஓடும். வீடியோ 25 ஃபிரேம், 50ல ஒண்ணு.

லைட்பாய்

ஜெல்லுக்குப் பதிலா நிறம் மாத்துற எல்இடி பேனல் ரெண்டு வச்சா வீடியோக்காரருக்கும் சேர்த்து ஆகிடுமே அண்ணே?

கருப்புத்துணி

ஆகும், சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டுதுங்கிற அளவு) 95க்கு மேல இருந்தா. இல்லைன்னா மஞ்சளும் குங்குமமும் ஒரே நிறமாத் தெரியும். ஆனா பேனல் எப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். மணையில உட்கார்ந்தவங்க கண்ணைச் சுருக்குவாங்க, வியர்வை வேற. வீடியோ இருந்தா பேனல், இல்லைன்னா பிளாஷ். இது என் கட்சி.

சுண்ணாம்புக்காரை

எந்தக் கட்சியா இருந்தாலும் தேக்குத் தூண்ல ஒட்டுற டேப்பைச் சுத்தாதீங்க. பிரிக்கும்போது மெருகைப் பிச்சுக்கிட்டு வரும். நாடாத் துணியால கட்டுங்க. சுவர்ல ஆணி அடிக்கிறது அதைவிட மோசம். இழைச்ச பூச்சு அஞ்சாறு அடுக்கு, ஒரு ஆணிக்கு உள்ளங்கை அகலம் விரிசல் விடும், அதே மெருகுல ஒட்டுப் போட இன்னைக்கு ஆள் தேடணும். ஸ்டாண்டுக் காலுக்கு ரப்பர் மூடி போடுங்க. எண்ணெய் குடிச்ச கல் வழுக்கும், மூடி இல்லாத ஸ்டாண்டு தள்ளாமலே நகரும்.

மூணாங்கட்டு

வீட்டுப் பக்கமிருந்து நானும் கொஞ்சம் சொல்றேன்.

சடங்கு வரிசையை வீட்டுப் பெரியவங்ககிட்ட முதல் நாளே கேட்டு எழுதிக்குங்க. ஊருக்கு ஊர், கோயிலுக்குக் கோயில் கொஞ்சம் மாறும். திருப்பூட்டுறது (தாலி கட்டுறது) எந்த இடத்துல, யார் எந்தப் பக்கம் நிப்பாங்க, இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்தம்) எப்ப எழுதுறாங்க, வேவுச் சீர் எப்ப இறக்குறாங்க, பெண் அழைப்பு எந்த நேரம். படக்காரங்க பெரும்பாலும் கோட்டை விடுறது இசைகுடிமானம். மணையில கூட்டமா நிக்கிறதால அவங்க அங்க நிப்பாங்க, இது பட்டாலையில சத்தமில்லாம நடந்து முடிஞ்சிடும். ஒரு ஆளை அங்க தனியாப் போடுங்க. எழுதுற கை, கையெழுத்துப் போடுறவங்க முகம், சுத்தி உட்கார்ந்த பெரியவங்க, இந்த மூணும் வேணும். எழுத்து வாசிக்கிற மாதிரி எடுத்ததை வீட்டுக்குக் கொடுங்க, பொதுவெளியில போடாதீங்க.

திருப்பூட்டும்போது சுத்தி நிக்கிறவங்க முதுகுதான் தெரியும். முதல் வரிசைக்கு நடுவுல ஒரு ஆள் உட்கார்ற இடம் விடச் சொல்லி முன்னாடியே கேட்டு வைங்க. முண்டியடிச்சு ஏறி நிக்கிறவரை எங்க ஆச்சிமாருக்குப் பிடிக்காது. சாமி வீட்டுக்குள்ள பிளாஷ் வேண்டாம், கேட்காம நுழையவும் வேண்டாம். பந்தி நடக்கிற வழியில ஸ்டாண்டு வைக்காதீங்க, சாம்பார் வாளியோட ஓடுற பையன் கீழ பார்க்க மாட்டான்.

ஆல்பம் மேசை

கழுத்துருவைப் பத்தி யாரும் இன்னும் பேசலையே! கல்யாணத்துலயும் பின்னால அறுபதாங் கல்யாணச் சாந்தியிலயும் பூட்டுற நகை, தனியா ஒரு படம் கண்டிப்பாக் கேட்பாங்க. தட்டுல அள்ளி வச்சு மேலருந்து பிளாஷ் அடிச்சா மஞ்சள் குவியலாத்தான் வரும்.

கறுப்பு அல்லது கருநீல வெல்வெட், அதுமேல உருப்படிகள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம, கழுத்துல தொங்குற வரிசையிலயே பரப்பி வைக்கணும். அடுக்கி வைக்கிறது வீட்டு ஆச்சிமார் வேலை, நாம கை வைக்கிறதில்லை. பக்கத்துல பெரிய ஜன்னல் ஒண்ணு, எதுத்த பக்கம் வெள்ளை அட்டை. 90 அல்லது 100 மேக்ரோ லென்ஸ், துவாரம் எஃப் 11, முக்காலி, ரெண்டு நொடி டைமர். தங்கத்துல சிவப்புச் சேனல்தான் முதல்ல வெடிக்கும், மொத்த ஹிஸ்டோகிராம் நல்லா இருக்கிற மாதிரியே தெரியும். சிவப்பைத் தனியாப் பார்த்து முக்கால் ஸ்டாப் குறைச்சு எடுங்க. பளபளக்கிற உலோகம் எதுத்தாப்புல இருக்கிறதைத்தான் காட்டும், அதனால உங்க வெள்ளைச் சட்டையும் அதுல விழும். கறுப்புச் சட்டை போட்டுக்குங்க. இருப்பிடக் குறிப்பை கேமராவுலயும் போன்லயும் அணைச்சிடுங்க.

கண்டாங்கியும் சொல்லணும். 2019ல புவிசார் குறியீடு கிடைச்சதுக்கு அப்புறம் கல்யாணத்துக்கு முந்தின நாள் கண்டாங்கி கட்டி எடுக்கிறது கூடியிருக்கு. நெருக்கமான கட்டம் போட்டது தூரத்துல நின்னா வானவில் மாதிரி நெளியும். ரெண்டடி முன்ன பின்ன நகர்ந்தாலே பெரும்பாலும் போயிடும், இல்லைன்னா எஃப் 13 வரைக்கும் மூடினா மட்டுப்படும். வீடியோவுல வந்தா எடிட்ல எடுக்கிறது பெரும்பாடு, அங்கேயே திரையைப் பெரிசாக்கிப் பார்த்திடுங்க.

ஆல்பம் 12க்கு 36 அங்குல விரிப்புன்னா 300 டிபிஐல 3600க்கு 10800 பிக்சல். நடு மடிப்புல முகம் வராம எடுக்கும்போதே யோசிங்க. குடும்பப் படத்துல நடுவுல ஜோடி நிக்கிறதால மடிப்பு அவங்களுக்கு நடுவுல போகும், அது பரவாயில்லை. மூணு பேரா நின்னாத்தான் நடு ஆள் மூக்குல மடிப்பு.

பள்ளத்தூரான்

நன்றி. ஃபைல் சேமிப்புக்கும் எடிட் அறைக்கும் என்ன அளவு வச்சுக்கணும்?

ஆல்பம் மேசை

24 மெகாபிக்சல் ரா (கேமராவோட மூலக் கோப்பு) ஒண்ணு 25லருந்து 30 எம்பி. 4000 படம்னா 110 ஜிபியைச் சுத்தி. வீடியோ 100 மெகாபிட்ல மணிக்கு 45 ஜிபி. ரெண்டு கார்டுலயும் ஒரே நேரத்துல எழுத வையுங்க. வீட்டுக்கு வந்ததும் ரெண்டு டிஸ்க்குக்குப் பிரதி, ஒண்ணு வேற கட்டடத்துல இருக்கணும். ஆல்பம் கையில கொடுத்து ஒப்புதல் வாங்குற வரைக்கும் கார்டை அழிக்காதீங்க. ரெண்டு பாடியிலயும் கடிகாரத்தை நொடி சுத்தமா ஒண்ணா வைக்கணும். இல்லைன்னா மாலை போட்ட படத்துக்கு முன்னாடி கை கழுவுற படம் வந்து நிக்கும்.

எடிட் அறைச் சுவர் மங்கின சாம்பல். திரை 6500 கெல்வின், 100லருந்து 120 கேண்டலா. பிரகாசத்தை ஏத்தி வச்சு எடிட் பண்ணினா அச்சு இருட்டா வரும். லேப்காரரைக் குறை சொல்றதுல பாதி இந்த வகைதான்.

லைட்பாய்

கரண்டு வேலையையும் சேர்த்துப் பாருங்க. பழைய மரப் பட்டி வயரிங்குல எர்த்து இருக்காது. ஸ்ட்ரோப் சார்ஜ் ஏறும்போது சட்டுன்னு இழுக்கும். ஸ்ட்ரோப், கம்ப்யூட்டர் போடுற 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், ஏசிக்குத் தனியா 4, விளக்குக்கு 1.5. தனி எர்த்துக் குழி, கரண்டு கசிஞ்சா உடனே அணைக்கிற 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி. ஐப்பசி இடிக்கு சர்ஜ் காப்பு ஒண்ணு.

கொட்டகைக்கு ஏசி போட்டா குளிர் எல்லாம் ஓட்டுச் சந்துல வெளிய போகும். இரட்டை வீட்டுக்கு மட்டும் போடுங்க. லென்ஸ் அதுக்குள்ள, உலர் பெட்டியில, ஈரப்பதம் 40லருந்து 50. அதுக்கு மேல போனா பூஞ்சை, ரொம்பக் கீழ போனா ரப்பரும் பசையும் காயும். ஏசி அறையிலருந்து கேமராவை எடுத்து நேரா வெயிலுக்குப் போகாதீங்க, பையை மூடினபடியே அரை மணி வெளிய வையுங்க.

கைமரத்துக்குக் கீழ காடாத் துணி இழுத்துக் கட்டினா ஓட்டுத் தூசியும் அணில் எச்சமும் கீழ விழாது, பிளாஷ் திருப்பவும் வெள்ளைக் கூரை கிடைச்சிடும்.

தேவகோட்டை ட்ரோன்

வெளிப்புறத்துக்கு வரேன். மூணையும் தனித்தனியாப் பாருங்க.

கோட்டை: 1687ல ராமநாதபுரம் சேதுபதி கட்டினது, இப்ப இந்தியத் தொல்லியல் துறை கையில. நுழைவுச் சீட்டு வாங்கிப் போன்ல எடுக்கிறது வேற. ஜோடி, ஸ்டாண்டு, உடை மாத்தம்னு போனா அது தொழில்முறைப் படப்பிடிப்பு, எழுத்துல அனுமதி வேணும். வாசல்ல போய் நின்னு பேசிக்கலாம்னு ஜோடியைக் கூட்டிட்டுப் போகாதீங்க, திருப்பி அனுப்பிட்டா அன்னைக்குப் பொழுது வீண். முன்கூட்டியே விண்ணப்பிங்க. ட்ரோனை அங்க மறந்திடுங்க. மேல பாறை சாயங்காலம் வரைக்கும் அனலைக் கக்கும், மணப்பெண் செருப்பில்லாம நிக்க முடியாது. ஆவணியில ஆறரை மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிடும். கோட்டை மூடுற நேரத்தை முன்னாடியே கேட்டுக்குங்க, இறங்க ஆரம்பிக்கிறது வெளிச்சம் இருக்கும்போதே.

ஊருணி: முதல்ல அது குடிநீர் ஊருணியான்னு ஊர்ல கேளுங்க. குடிநீர் ஊருணியில காலை நனைக்கிறதையே ஊரார் ஒத்துக்க மாட்டாங்க, செருப்போட இறங்கினா பேச்சு வேற மாதிரிப் போகும். குளிக்கிற ஊருணின்னா தண்ணி மட்டத்துக்குக் கீழ ரெண்டாம் படியிலருந்து பாசி. நனைஞ்ச பட்டுச்சேலை காலைச் சுத்தி இழுக்கும், நீச்சல் தெரிஞ்சவங்களுக்கும் ஆகாது. படிக்கு மேலேயே உட்கார வையுங்க, பிரதிபலிப்பு வேணும்னா கேமராவைத் தண்ணி மட்டத்துக்கு இறக்குங்க. நீச்சல் தெரிஞ்ச ஆள் ஒருத்தர், 30 அடிக் கயிறு, கரையில. காத்து எழும்பாத காலை ஏழு மணிக்குள்ள தண்ணி கண்ணாடியா நிக்கும்.

ட்ரோன்: 2021 ட்ரோன் விதிப்படி 250 கிராமுக்கு உட்பட்ட நானோவுக்கு விமானி சான்று தேவையில்லை. அதுக்கு மேல 2 கிலோ வரைக்கும் மைக்ரோ. காசு வாங்கிக்கிட்டுப் பறக்கவிட்டா சான்று வேணும். சும்மா பொழுதுபோக்குன்னு சொல்லித் தப்பிக்க முடியாது, கல்யாண வேலை வணிகந்தான். பச்சை மண்டலத்துல (முன் அனுமதி கேட்க வேண்டாத பகுதி) 400 அடி வரைக்கும், கிளம்புறதுக்கு முன்னாடி அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தைப் பாருங்க. 2022 பிப்ரவரியிலருந்து வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை, சிங்கப்பூர்லருந்து பெட்டியில வச்சுக் கொண்டு வரச் சொல்லாதீங்க.

முற்றத்துக்குள்ள இறக்கி ஏத்துற ஷாட் எல்லாரும் கேட்பாங்க. நாலு பக்கமும் கூரை இருக்கும்போது செயற்கைக்கோள் சரியாப் பிடிக்காது, இரும்புக் கிராதி திசைகாட்டியைக் குழப்பும், இறக்கைக் காத்து ஓமச் சாம்பலைக் கிளப்பும். மேல் மாடி வராந்தாவுல நின்னு 35 லென்ஸால எடுத்தா அதே பார்வை கிடைக்கும். சாயாத கைப்பிடியான்னு மட்டும் பார்த்துக்குங்க.

பெரிய வீட்டு மாடி விளிம்பு, கோபுரம், பாறை இடுக்கு மூணுலயும் மலைத்தேனீ கூடு கட்டும். ட்ரோன் சத்தமும் புகைக்குண்டும் அதைக் கிளப்பிடும். பறக்கவிடுறதுக்கு முன்னாடி 70-200 போட்டு விளிம்பு முழுக்கப் பாருங்க. கறுப்பா முறம் மாதிரி தொங்கினா அந்த வீட்டுல ட்ரோனும் வேண்டாம், புகையும் வேண்டாம், வெடியும் வேண்டாம்.

மூணாங்கட்டு

வேட்டங்குடிக் கண்மாய்ப் பக்கமும் ட்ரோன் கொண்டு போகாதீங்க. பறவை வர்ற சரணாலயம் அது. கொள்ளுக்குடிப்பட்டிக்காரங்க தீபாவளிக்கே வெடி போடுறதில்லை, நாம போய் ரீங்காரம் போட்டா எப்படி?

லைட்பாய்

புகைக்குண்டு பத்தி ஒரு வரி. சீமைக் கருவேலங்காட்டுல, காய்ஞ்ச புல்லுல வேண்டவே வேண்டாம், குழாய் அடி அனலா இருக்கும். கீழ போட்டதும் பத்திக்கும். மணல் வாளியில குத்தி வைங்க. வளவுக்குள்ள கோல்டு பைரோ (குளிர்ப் பொறின்னு சொல்ற பூவாணம்) கேட்டாலும் மறுத்திடுங்க. பேர்தான் கோல்டு, பொறி மேல கட்டின துணியில பட்டா ஓட்டை விழும், அதுக்கு மேல 100 வருஷத் தேக்கு.

பள்ளத்தூரான்

எல்லாத்தையும் எழுதி வச்சுக்கிட்டேன். ஜோடிகிட்ட முற்றத்துக்குள்ள ட்ரோனும் கோட்டை மேல ட்ரோனும் இல்லைன்னு சொல்லிடறேன், கோட்டைக்கு விண்ணப்பம் போடறேன். ஒரே சந்தேகம்: இப்ப ஆனி. ஐப்பசிக்குள்ள கொட்டகையை முடிக்க முடியுமா? வெள்ளையடிச்சு ஒரு மாசம் ஆறணும்னா கணக்கு இடிக்குதே.

சுண்ணாம்புக்காரை

ஆறணும்னு சொன்னது பூச்சுக்கு, வெள்ளைக்கு இல்லை. வெள்ளை ரெண்டு நாள்ல தொடலாம். ஆடிக் காத்து அடங்கினதும் ஓட்டை இறக்குங்க, காத்துல ஓடு மாத்துறவர் மேல ஏற மாட்டார். ஆவணி பாதிக்குள்ள கூரை, அது முடியவும் பூச்சு, அது ஆறிக்கிட்டு இருக்கும்போதே வயரிங் குழாயும் தரையும். குழாயைச் சுவரை வெட்டிப் பதிக்காம மேலேயே ஓட்டச் சொல்லுங்க. புரட்டாசி கடைசியில வெள்ளை. ஓடு மாத்துற ஆளுக்கு இப்பவே சொல்லி வச்சிடுங்க, மழைக்கு முன்னாடி எல்லா வீட்டுலயும் அவரைத்தான் தேடுவாங்க. உடைசலுக்கு ஈடா பழைய நாட்டு ஓடு ஐந்நூறாவது முன்கூட்டியே வாங்கி அடுக்கிடுங்க, புது ஓடு பழையதோட வளைவுல உட்காராது.

கருப்புத்துணி

தரை போடுறதுக்கு முன்னாடி திரை உருளை தொங்குற கம்பத்துக்கு ரெண்டு பக்கமும் இடம் குறிச்சு, அடியில ரெண்டு இரும்புச் சட்டி பதிச்சிடுங்க. அப்புறம் சுவர்லயும் ஆணி வேண்டாம், கைமரத்துலயும் வேண்டாம். 10 அடி இடைவெளி, பின்சுவரை ஒட்டினாப்புல.